மேற்கோள் குறியின் மகிமை!

குட்டீஸ்... மவுஸ் இல்லாமல், எழுத்தாலேயே கம்ப்யூட்டருக்கு கட்டளையிடலாம், தெரியுமா? அதைப் புரிந்து செயல்படும் புரோகிராம் தான், 'ஷெல்!' ஸ்டீபன் போர்ன் உருவாக்கிய, 'போர்ன் ஷெல்' 1979ல் யூனிக்சுடன் வெளிவந்தது.

ஷெல்லுக்கு, இடைவெளி விட்டால் அடுத்த பெயர் என்று அர்த்தம். 'ஆர்எம்' என்பது, அழிக்கச் சொல்லும் கட்டளை. அதன் பின், பழைய படம் என, 'டைப்' செய்தால், அந்தப் பெயருள்ள பைலைத் தொடாது. பழைய என்று ஒன்று, படம் என்று ஒன்று இருந்தால், அந்த இரண்டையும் அழித்து விடும். குப்பைத் தொட்டியில் தேடினாலும் கிடைக்காது!

தப்பிக்க வழி, மேற்கோள் குறி. அதற்குள் எழுதினால், இரண்டு சொல்லும் ஒரே பெயராகி விடும். ஒற்றைக் குறிக்குள் எழுதுவதெல்லாம் அப்படியே இருக்கும். இரட்டைக் குறிக்குள் டாலர் குறி வந்தால், அதையடுத்த பெயருக்குப் பதில், அதில் சேமித்து வைத்த தகவல் வந்து உட்காரும்.

என்டர் தட்டும் முன், குறியைக் கவனிப்பீங்களா!