இரண்டு தொழில் போதும்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் புதிதாக நுழைபவருக்கு நல்ல வாள் இல்லையே என்ற கவலைக்கு முன்பே நல்ல பை இல்லையே என்ற கவலை வந்துவிடும். எல்லோருக்கும் முதலில் கிடைப்பது 16 அறைகள் கொண்ட ஒரே முதுகுப்பை. ஓநாய்ப் பல், கிழிந்த துணி, கொள்ளைக்காரனிடமிருந்து பறித்த கையுறை என்று அது சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் இன்னொரு ஆட்டக்காரர் தைத்து விற்கும் லினன் பை கண்ணில் படும். அதில் 6 அறைகள்தான், ஆனாலும் வாங்கத் தோன்றும். தைத்தவருக்கு ஆன செலவு ஆறு லினன் துணியும் கடையில் வாங்கிய கொஞ்சம் நூலும்தான்.

அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் இந்த ஆட்டத்தை 2004 நவம்பரில் வெளியிட்டது. பழைய வடிவமே வேண்டும் என்று கேட்டவர்களுக்காக 2019 ஆகஸ்ட்டில் அதை ‘கிளாசிக்’ என்ற பெயரில் மறுபடியும் திறந்தது. கைத்தொழில் பழக இந்தப் பழைய வடிவம்தான் நல்ல பள்ளிக்கூடம். இதில் முதன்மைத் தொழில்கள் ஒன்பது. சுரங்கம், மூலிகை, தோலுரித்தல் ஆகிய மூன்றும் பொருள் சேகரிப்பவை. கொல்லு வேலை, தோல் வேலை, தையல், ரசவாதம், மந்திரமேற்றல், பொறிவேலை ஆகிய ஆறும் பொருளைச் செய்பவை. சமையல், மீன்பிடித்தல், முதலுதவி மூன்றையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். முதன்மைத் தொழிலில் மட்டும் ஒரு பாத்திரத்துக்கு இரண்டுக்கு மேல் அனுமதி இல்லை.

புதியவர்களுக்கு எரிச்சல் தரும் இந்த வரம்புதான் ஆட்டத்தின் சந்தையையே நடத்துகிறது. ஆர்கனைட் ரீப்பர் என்ற புகழ்பெற்ற கோடரியை எடுத்துக்கொள்வோம். அதை அடிக்கக் கொல்லருக்கு 20 ஆர்கனைட் கட்டிகள் வேண்டும். ஆர்கனைட் எந்த மலையிலும் வெட்டிக் கிடைப்பதில்லை. சுரங்கத்தார் தோரியம் தாதுவை வெட்டி உருக்க வேண்டும். அதே பாறைகளில் அபூர்வமாகக் கிடைக்கும் படிகத்தைச் சேர்த்து ரசவாதி அதை ஆர்கனைட்டாக மாற்றுவார். ஒரு முறை மாற்றினால் அடுத்த இரண்டு நாள் அவரால் மாற்ற முடியாது. ஒரே ரசவாதியை நம்பினால் இருபதாவது கட்டி கைக்கு வர 38 நாள் ஆகும். கோடரிக்கு மந்திரமேற்றிய தோலும் தேவை. மிருகத்தை உரித்தவரிடமிருந்து தோல் வரும், மந்திரமேற்றுபவர் அதில் தன் சாரத்தைச் சேர்த்துப் பதப்படுத்தித் தருவார். இப்படி ஐந்து தொழில்கள் கூடிய பிறகே ஒரு கோடரி உருவாகிறது. யாராக இருந்தாலும் ஒருவருக்கு இரண்டு தொழில்தான் என்பதால், முன்பின் தெரியாதவர்கள் பேசி, பேரம் பேசி, நம்பிப் பழக வேண்டியிருக்கிறது. சண்டையைவிட இந்தப் பகுதிக்காகவே ஆட்டத்தில் தங்கிவிட்டவர்கள் உண்டு. அவர்கள் தங்குவதில் வியப்பில்லை.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பெரும்பாலான புதியவர்கள் கொல்லர் பட்டறைக்கு ஓடுகிறார்கள். தன் கவசத்தைத் தானே அடித்துப் போட்டுக்கொள்ளும் ஆசை நியாயமானதுதான். ஆனால் கையில் காசில்லாத நாட்களில் அது பணத்தை விழுங்கும். தொடக்கநிலையில் செய்த பொருளைவிட மூலப்பொருளுக்கே விலை அதிகம். செம்புக் கட்டிகளை அப்படியே விற்றால் கிடைக்கும் தொகை, அவற்றை இடுப்புப்பட்டையாக அடித்து விற்றால் பெரும்பாலும் கிடைக்காது.

காரணம் திறன் புள்ளிகள். தொழில் ஒவ்வொன்றும் 1 புள்ளியில் தொடங்கி 300 வரை ஏறுகிறது. பொருளைச் செய்யச் செய்யப் புள்ளி கூடும். செய்முறையின் பெயர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் புள்ளி நிச்சயம். மஞ்சள் என்றால் பெரும்பாலும் கிடைக்கும், பச்சை என்றால் எப்போதாவது. சாம்பல் நிறமாகிவிட்டால் ஆயிரம் செய்தாலும் ஒன்றும் ஏறாது. ஆகவே கொல்லர்கள் விற்பதற்காக அல்ல, புள்ளிக்காகவே இடுப்புப்பட்டைகளை அடித்துக் குவிக்கிறார்கள். பட்டைகள் சந்தையில் மலிந்து கிடக்க, செம்புக்கு மட்டும் ஆள் போட்டி போடுகிறது. அந்தச் செம்பை வெட்டித் தருபவராக இருப்பதே புதியவருக்கு லாபம்.

முதல் வாரங்களில் சேகரிப்புத் தொழில்களில் இரண்டை எடுத்துக்கொள்வது நல்லது. சுரங்கத்துக்கு ஒரு குத்துக்கோடரியும் தோலுரிக்க ஒரு கத்தியும் போதும். இரண்டும் கடையில் மலிவு. சுரங்கமும் மூலிகையும் சேர்ந்தால் ஒரு சிக்கல் உண்டு. வரைபடத்தில் தாது, மூலிகை இரண்டும் ஒரே நேரத்தில் தெரியாது, மாற்றி மாற்றித் தேட வேண்டும். தோலுரித்தலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எப்படியும் வழியில் கொல்லப்போகும் கரடியையே உரித்துக்கொள்ளலாம். செம்பு வெட்டப் புள்ளி 1 போதும், தகரத்துக்கு 65, இரும்புக்கு 125. செம்பும் தகரமும் சேர்த்து உருக்கினால் வெண்கலம். நிஜ உலைக்களத்திலும் வெண்கலம் பிறப்பது இந்த இரண்டிலிருந்துதான்.

விதிவிலக்காக, முதல் நாளே தொடங்கத்தக்க செய்தொழில் ஒன்று உண்டு: தையல். துணிக்குத் தனிச் சேகரிப்புத் தொழில் கிடையாது. மனித உருவ எதிரிகளை வீழ்த்தினாலே கிடைக்கும். மந்திரவாதியாக ஆடுபவர்கள் தையலோடு மந்திரமேற்றலையும் சேர்த்துக்கொள்வது பழைய வழக்கம். தைத்த அங்கிகள் விலை போகாவிட்டால் அவற்றையே தூளாக உடைத்து அடுத்த தொழிலுக்கு மூலப்பொருளாக்கிவிடலாம். ஆனால் கிளாசிக்கில் மந்திரமேற்றலை ஏலச்சந்தையில் வைக்க வழியில்லை. நகரத்தில் நின்று கூவி, வாடிக்கையாளரின் வாளைப் பரிமாற்றப் பெட்டியில் வைக்கச் சொல்லி, கண்ணெதிரே செய்து கொடுத்துக் கூலி பெற வேண்டும். கூச்ச சுபாவிகளுக்கு இது கடினம்.

பொறிவேலையை முதல் தொழிலாக எடுக்க வேண்டாம். வேடிக்கை மிகுந்தது என்றாலும், அதன் கருவிகளில் பலவற்றைப் பொறியாளர்கள் மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால் வாங்க ஆளிருக்காது.

ஏலச்சந்தையில் விற்றால் விலையில் 5 சதவீதம் சந்தைக்குப் போகும். விலை போகாமல் திரும்பினால் வைப்புத்தொகையும் போய்விடும். அதனால் விலையை நாலைந்து நாள் கவனித்துவிட்டு வைப்பதே புத்திசாலித்தனம். தொழிலை மாற்ற நினைப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை: கைவிட்ட தொழிலின் புள்ளிகள் அனைத்தும் அழிந்துவிடும். மறுபடி கற்றால் 1-இலிருந்துதான்.

புதிய வடிவத்தை ஆடுபவர்களுக்குப் பாதை கொஞ்சம் எளிது. 2018-இல் ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் தனிப் படிநிலை வந்ததால், பழைய உலோகங்களையெல்லாம் கடந்து ஏற வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 2022 நவம்பரில் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தோடு ஆர்டர் முறை வந்தது. வேண்டிய கவசத்துக்கான ஆர்டரை மூலப்பொருளோடும் கூலியோடும் ஒருவர் பதிவு செய்துவிட்டுப் போகலாம், கைவினைஞர் தனக்கு வசதியான நேரத்தில் அதை முடித்து அனுப்புவார். பொருளுக்குத் தரவரிசையும் உண்டு, ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் சிறப்புப் பிரிவுகளும் உண்டு. ஒரு கொல்லர் எல்லாவற்றிலும் சீக்கிரம் தேர்ந்துவிட முடியாது. எனவே தனக்கு எது உயர்தரமாக வரும் என்பதை உரையாடலில் அறிவித்து, தன் பெயருக்கே ஆர்டர்களை வரவழைக்கிறார்.