சாவியை எங்கே வைப்பது?

தோழர்களே, நான் சாம்பியன் ரீப்சில் பிறந்தவன். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான எங்கள் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன்பின் ஊரார் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். அப்பாவும் அவர்களில் ஒருவர். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை நான் ஓரிரவில் தொலைத்தேன். நிரலுக்குள்ளேயே இரகசியச் சாவியை எழுதிப் பொதுவில் வெளியிட்டுவிட்டேன். எவரோ அதைக் கண்டெடுத்து, என் கணக்கில் வாடகைக் கணினிகளை ஓட்டினர். மறுநாள் அழித்தும் பயனில்லை. ‘கிட்’ பழைய பிரதிகளையெல்லாம் காத்து வைக்குமன்றோ! கசிந்த சாவியைச் செல்லாததாக்கிப் புதிது பெறுவதே வழி.

பின்புதான் பெட்டகம் தேடினேன். கீபாஸ்எக்ஸ்சி நம் கணினியிலேயே கோப்பைப் பூட்டி வைக்கும். இணையம் வேண்டா, காசும் வேண்டா. பிரதியெடுத்து வைப்பது மட்டும் நம் பொறுப்பு. குழுவாக உழைப்போர்க்குப் பிட்வார்டன் வசதி. ஆயினும் இணையப் பெட்டகமும் களவுபோகலாம்: 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகளே திருடப்பட்டன. தலைமைக் கடவுச்சொல் வலிதாயிருந்தோர்க்கே சற்று ஆறுதல். ஹாஷிகார்ப் வால்ட் பெரிய சேவையகங்களுக்கு உரியது; மாணவருக்கு அது ஆட்டுக்குட்டிக்கு ஆனைச் சங்கிலி.

நான் கீபாஸ்எக்ஸ்சியையே தேர்ந்தேன். தொடர்பற்ற ஆறு சொற்களே என் கடவுச்சொல். அதைத் தாளில் எழுதி அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் பாதிப் பணம் தரவேண்டும்.