இடி ஓய்ந்த பிறகு கணினி எழவில்லையா?

மதியத்துக்குப் பிறகு வானம் கறுத்து, செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் மின்னல் வெட்டத் தொடங்கினால், லாபிஸில் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். கணினியை மட்டும் அணைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அது போதாது. இன்றைய மேசைக் கணினிகள் பெரும்பாலும் 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையில் அமைந்தவை. அதன்படி, கணினியை அணைத்த பிறகும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பொத்தானைத் தொட்டதும் பெட்டி விழித்துக்கொள்வது அதனால்தான். இடியோடு வரும் மின்பாய்ச்சலுக்கும் அதே வழிதான்.

மழை விட்டதும் பொத்தானை அழுத்துகிறீர்கள், சத்தமே இல்லை. ‘போர்டு போய்விட்டது’ என்று முடிவுகட்டுவதற்கு முன், மின்சாரம் வரும் வழியைச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகினால் மின்சாரம் வருகிறதா என்று தெரிந்துவிடும். நம் மூன்று பின் பிளக்குக்குள் ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. போயிருந்தால் அதே ஆம்பியரில் வேறொன்று போட வேண்டும். ஒன்றிரண்டு வெள்ளிதான் ஆகும். வயர் மீது சந்தேகமா? திரைக்கும் பெட்டிக்கும் பெரும்பாலும் ஒரே வகை வயர்தான். மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மின்பாய்ச்சல் வந்ததும் தற்காப்புக்காகப் பூட்டிக்கொண்ட பவர் சப்ளை, தேங்கிய மின்சாரம் வடிந்ததும் மறுபடி இயங்குவதுண்டு.

அதற்கும் அசையவில்லை என்றால் பவர் சப்ளை எரிந்திருக்கலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக்கித் தருவது அதன் வேலை. முதல் அடியை வாங்குவதும் அதுதான். புதிதாக ஒன்றை வாங்கி மாட்டலாம். பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது. கணினிப் பெட்டியோடு இலவசமாகக் கிடைக்கும் பவர் சப்ளைகளை நான் நம்புவதில்லை; மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் அது.

இடிக்கு இன்னொரு வழியும் உண்டு. ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவை இருந்த காலத்தில் செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைக் கருக்கி, அங்கிருந்து கணினியின் நெட்வொர்க் துளைவரை போகும். இப்போது யூனிஃபை இணையம் வரும் இழை கண்ணாடி; மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரூட்டரின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? அதையும் பிடுங்குங்கள்.

காற்றாடி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு என்றால் அது வேறு கதை. முதலில் திரையின் வயர் சரியான துளையில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து ராம். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்திச் செருகினால் பல கணினிகள் உயிர் பெற்றுவிடும். ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்கே போனால், போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளம் இதையெல்லாம்விடக் கொடியது. 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் நம் சிகாமட் மாவட்டம் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த கணினி வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலும் அதைக் கொல்கிறது. போர்டை நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பல நாள் நிழலில் உலர்த்தினால் சில சமயம் பிழைக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த வைத்தியம் ஆகாது. பெரும்பாலானவற்றில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு நுண்துளை இருக்கும். சேற்றுநீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கலாம். குடும்பப் படங்கள் அதில் இருந்தால், மின்சாரம் கொடுக்காதீர்கள், திறக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். உள்ளே சேறு காய்ந்து தட்டுகளில் ஒட்டிவிட்டால் மீட்பது இன்னும் கடினம். ஈரத்தோடு அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி, தரவு மீட்பவரிடம் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேருங்கள்.