ஒரே பகலில் 880 கிலோமீட்டர்!

டெக்சாஸில் இருக்கும் என் மகள், கைக்குழந்தையோடு சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோவுக்குத் தானே கார் ஓட்டிப் போகணும் என்றதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரே நாளில் சுமார் 880 கிலோமீட்டராச்சே! துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் அம்மாக்களுக்கு அவள் போட்ட திட்டம் உதவும்.

விடிந்தவுடன் கிளம்பிடணும். மேற்கே போகிற ரோடு, சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். இருட்டினால் மான்கள் குறுக்கே பாயும். ஓசோனாவை விட்டால் ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை 170 கிலோமீட்டருக்குப் பெரிய ஊரே கிடையாது. அதனால் அரை டேங்க் இருந்தாலும் ஓசோனாவில் பெட்ரோல் நிரப்பிடணும். (அங்கே அதுக்குப் பேரு 'கேஸ்'!) செல்போன் சிக்னலும் சில இடங்களில் போயிடும். குடிதண்ணீர் தாராளமாக வேணும்.

குழந்தை எவ்வளவு அழுதாலும் ஓடும் வண்டியில் மடியில் எடுக்கக் கூடாதாம். பின்னால் அதற்கென்று தனி சீட், பெல்ட். பாட்டி மனசு கேட்குமா? ஆனால் மகள் அசையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் தூக்கவிட்டாள். அந்த ரோட்டில் மணிக்கு 128 கிலோமீட்டர் வரை போகலாமாம், இவள் 110-ஐத் தாண்டவில்லை. எல் பாசோவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்தோம். புளியோதரைகூட மிச்சம் இருந்தது!

- ஒரு வாசகி, கும்பகோணம்.