விளம்பரம் சொல்லாமல் விட்டது என்ன?

வாசலில் புதிதாக ஒருவர் வந்து நின்றால், "யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன விஷயம்?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே விடுகிறோம். டில்லி போன்ற ஊரில் அந்த எச்சரிக்கை நமக்குப் பழகிப் போனது. ஆனால் காலையில் செய்தித்தாளோடும், மாலையில் தொலைக்காட்சியோடும், நாள் முழுவதும் கைப்பேசியோடும் வீட்டுக்குள் நுழைகிற விளம்பரத்தை மட்டும் நாம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது பாட்டுக்கு வருகிறது, பேசுகிறது, போகும்போது நம் பர்ஸிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டும் போகிறது.

இந்த எண்ணம் எனக்கு வரக் காரணம் பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் 'மாஸ் மீடியா ஸ்டடீஸ்' என்றொரு விருப்பப் பாடம் இருக்கிறது. அதற்காக அவளுடைய ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். 30 நாட்களுக்கு, நாளொன்றுக்கு ஒரு விளம்பரத்தை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியோ எழுதியோ வைத்து, நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பேசுவது யார்? யாரைப் பார்த்துப் பேசுகிறார்? ஆதாரமாக எதைக் காட்டுகிறார்? எதைச் சொல்லாமல் விட்டார்? அவ்வளவுதான். கத்தரிக்கோலும் கோந்துமாக அவள் கூடத்தில் உட்கார்ந்த அந்த ஒரு மாதத்தில், நானும் என் மாமனாரும் அவளுடைய உடன் மாணவர்கள் ஆகிவிட்டோம்.

இந்த வித்தை நேற்று முளைத்ததல்ல. கேட்பவரை இணங்க வைக்க மூன்று வழிகள் உண்டு என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தார். பேசுகிறவர் மீதுள்ள மதிப்பு ஒன்று, கேட்கிறவரின் உணர்ச்சி இன்னொன்று, சொல்லும் காரணத்தின் வலு மூன்றாவது. இன்றும் சினிமா நட்சத்திரம் வந்தால் முதல் வழி, குழந்தை அழுதால் இரண்டாவது வழி, வெள்ளைக் கோட்டு அணிந்தவர் சதவீதக் கணக்குச் சொன்னால் மூன்றாவது வழி. நம் வள்ளுவரும் பேசுகிறவருக்காகச் 'சொல்வன்மை' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அது 65-ஆவது. யார் சொன்னாலும் உண்மையை ஆராய்ந்து பார்க்கச் சொல்லும் 'அறிவுடைமை' அதிகாரமோ 43-ஆவது. பேச்சுக் கலைக்கு முன்பே கேட்கும் கலையை வைத்துவிட்டார் என்று என் மாமனார் இதற்கு விளக்கம் சொன்னார்.

1980-களில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு லலிதாஜியை நினைவிருக்கும். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் தொடங்கிய நிர்மா சலவைத்தூள், மலிவு விலையால் வீட்டுக்கு வீடு புகுந்துகொண்டிருந்த நேரம். சர்ஃப் விலையோ அதைவிட மிக அதிகம். விலையைக் குறைக்காமல் விற்பது எப்படி? பேரம் பேசிக் காய்கறி வாங்கும் ஒரு சிக்கனக்கார இல்லத்தரசியை முன்னே நிறுத்தினார்கள். இவ்வளவு கணக்குப் பார்க்கும் பெண்மணியே இதை வாங்குகிறார் என்றால் அதில் நியாயம் இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். கூடுதல் விலை கொடுப்பதே கெட்டிக்காரத்தனம் ஆகிவிட்டது! பொருளைவிடப் பேசுகிறவரின் குணமே அங்கே விற்பனையானது என்று என் மகள் நோட்டில் எழுதினாள்.

இரண்டாவது கேள்விக்கு நம்மைப் போன்ற வெளியூர்த் தமிழர் வீடுகள் நல்ல பாடசாலை. ஒரே விளம்பரத்தை ஹிந்தி சேனலிலும் பார்க்கிறோம், தமிழ்ச் சேனலிலும் பார்க்கிறோம். ஒரு தேயிலை விளம்பரத்தை அவள் இரண்டு மொழியிலும் பார்த்துப் பட்டியல் போட்டாள். கோப்பை டம்ளர் ஆனது, மருமகள் தலையிலிருந்த முக்காடு போய் மல்லிகைப்பூ வந்தது, வாசலில் கோலம் முளைத்தது. தூள் மட்டும் அதே தூள். "அம்மா, அவங்க டீயை விக்கலை, நம்ம வீட்டையே நமக்கு வித்துக் காட்டறாங்க" என்றாள். ஊரை விட்டு வந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும் ஒரு கோலத்தைத் திரையில் கண்டால் மனசு இளகுகிறதே, அந்த இளக்கத்துக்கும் ஒருவர் விலை போட்டு வைத்திருக்கிறார்.

மூன்றாவது கேள்விக்குச் சமையலறை அலமாரியே போதுமானதாக இருந்தது. டப்பாவின் முன்பக்கம் விற்பனையாளர் பேசும் பக்கம், பின்பக்கம் சட்டம் பேசும் பக்கம். சேர்மானங்களை எடை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. ஆகவே சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஏப்ரல் 2024-இல் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகைக்கு இலக்கணமே கிடையாது என்பதுதான் காரணம். பல தலைமுறைத் தாய்மார்கள் நம்பி ஆற்றிக் கொடுத்த ஒரு பெயருக்குச் சட்டத்தில் இடமில்லை!

அப்படியானால் இணங்க வைக்கும் பேச்செல்லாம் ஏமாற்றுதானா? நானும் அவளிடம் இதைக் கேட்டேன். பதிலுக்கு அவள் போலியோ சொட்டு மருந்து விளம்பரத்தைக் காட்டினாள். 1995-இல் தொடங்கிய பல்ஸ் போலியோ இயக்கத்துக்குப் பிறகு அமிதாப் பச்சன் குரல் கொடுத்தார். அங்கேயும் நட்சத்திரம்தான், அங்கேயும் பெற்றோரின் பயம்தான். ஆனால் 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் அளித்தது. கருவி ஒன்றுதான், காய் நறுக்கவும் கத்தி, கையை அறுக்கவும் கத்தி. எல்லாவற்றையும் சந்தேகிப்பதல்ல, எல்லாவற்றையும் எடை போடுவதே இந்தப் பாடம்.

நான்காவது கேள்வியின் அருமை எங்கள் குடும்பத்துக்கே ஒரு நெருக்கடி வந்தபோதுதான் தெரிந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருக்கும் என் அண்ணன் மகனுக்கு ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத ஆசை. டில்லிப் பயிற்சி நிலையம் ஒன்றின் முழுப்பக்க விளம்பரத்தை அண்ணன் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். வரிசை வரிசையாகச் சிரித்த முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் தேர்ச்சி எண். கட்டணம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். "அண்ணி வளையலை வச்சுப் பணம் புரட்டிடலாம்னு இருக்கேன். நீ அங்கேயே இருக்கியே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார். பழைய ராஜேந்திர நகருக்கு நானும் மகளும் போனோம்.

வரவேற்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். என் மகள் விளம்பரத்தை நீட்டி, "இவங்க எல்லாரும் எந்த வகுப்பில் படிச்சாங்க?" என்று ஹிந்தியில் கேட்டாள். "எல்லோரும் எங்கள் மாணவர்களே" என்று பதில் வந்தது. "சரி, எந்த வகுப்பு?" என்று அவள் மறுபடியும் பணிவாகவே கேட்டாள். மூன்றாவது முறைதான் விஷயம் வெளியே வந்தது. பெரும்பாலோர் நேர்முகத் தேர்வுக்கான இலவசப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்களாம்.

அந்தத் தேர்வுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல்நிலை, முதன்மை, அதன் பிறகே நேர்முகம். அதாவது அந்த முகங்களில் பெரும்பாலோர் கடினமான இரண்டு கட்டங்களை முடித்த பிறகுதான் அந்த வாசற்படியையே மிதித்திருக்கிறார்கள். விளம்பரத்தில் பொய் ஒன்றுமில்லை. படங்கள் உண்மை, தேர்ச்சி எண்கள் உண்மை. எந்த வகுப்பு என்ற ஒரு வரிதான் இல்லை. அந்த ஒரு வரியின் விலை ஒன்றரை லட்சம் ரூபாய்.

இது ஒரு நிலையத்தின் கதை மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020-இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இதே காரணத்துக்காகப் பல பயிற்சி நிலையங்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது. 2024 நவம்பரில் தனி நெறிமுறைகளையும் வெளியிட்டது. அவற்றின்படி, மாணவர் தேர்ச்சி பெற்ற பிறகு எழுத்து மூலம் சம்மதம் பெறாமல் படத்தைப் போடக் கூடாது. படத்தின் பக்கத்திலேயே அவர் சேர்ந்த வகுப்பு எது என்ற விவரமும் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையிலும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. நமக்கு உபயோகமான இன்னொரு விதி 2022-இல் வந்தது. விளம்பரம் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறதோ, அதே மொழியில்தான் நிபந்தனையையும் சொல்ல வேண்டும். தமிழில் பெரிதாக ஆசை காட்டிவிட்டு, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் தப்பித்துக்கொள்ள வழியில்லை. புகார் சொல்லத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். பையன் வருத்தப்பட்டான், ஆனால் புரிந்துகொண்டான். இப்போது குறைந்த கட்டணத்தில் விடை எழுதும் பயிற்சித் தேர்வுகளில் மட்டும் சேர்ந்து, நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறான். தேர்ச்சி அவன் உழைப்பின் கையில் இருக்கிறது. வளையல்கள் அண்ணியின் கையில் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தால் வீட்டில் கொஞ்சம் இம்சையும் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் விடியற்காலையிலே எழுந்து படிக்குதுங்க" என்று ஒருநாள் ஆரம்பித்தேன். "எல்லாருமா அம்மா? எத்தனை பேர்? ஆதாரம் என்ன?" என்று கேட்டாள். தாத்தா செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார். கேட்கட்டும். அம்மாவிடம் கேட்டுப் பழகிய கேள்விதானே நாளைக்குக் கடைக்காரரிடமும், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும், பெயர் தெரியாத வாட்ஸ்அப் செய்தியிடமும் தயங்காமல் வரும்?

சங்கத்துக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குப் பிறகு, செய்தித்தாளில் ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகளோடு இந்த நான்கு கேள்விகளைப் பேசிப் பாருங்கள். தமிழிலேயே பேசுங்கள். பத்து நிமிடம் போதும். பணம் கேட்காத பயிற்சி இது!