துண்டுத்துணிப் போர்வை தைக்கும் விதம்

கதிர் அறுத்துக் களம் ஒழிந்தபின் கிராமக் குடும்பங்களுக்குச் சிறிது ஓய்வு கிட்டும். அதே தை, மாசி மாதங்களில் பின்னிரவுப் பனியும் உடலை வருத்தும். அந்த ஓய்வைக் கொண்டே அந்தப் பனிக்குப் பரிகாரம் தேடிக்கொள்ளும் கைவேலை ஒன்றுண்டு. அது, பழந்துணிகளைச் சதுரத் துண்டுகளாக்கி இணைத்துப் போர்வை தைத்தலாகும். இதற்கு இயந்திரம் அவசியமில்லை. ஊசி, பருத்தி நூல், கத்தரிக்கோல், கனத்த அட்டை ஒன்று ஆகிய இவையே போதும். வர்ணங்களைப் பொருத்திப் பார்ப்பதில் சிறுவர் சிறுமியருக்கும் உற்சாகம் உண்டாகும். ஆதலின் இது பிரயோஜனமுள்ள பொழுதுபோக்குமாகும்.

எந்த வீட்டுப் பெட்டியிலும் உடுத்த உதவாத புடவைகளும் வேஷ்டிகளும் சில இருக்கும். தெருவில் வரும் பாத்திர வியாபாரியிடம் அவற்றை ஒரு கட்டாகக் கொடுத்து ஒரு சிறு பாத்திரம் பெறுவது பலருடைய வழக்கம். அக்கட்டிலேயே குடும்பத்திற்கு வேண்டிய ஒரு போர்வை அடங்கியிருக்கிறது. கனத்த ஒற்றைத் துணியைவிட மெல்லிய மூன்று துணிகளின் அடுக்கு அதிக வெப்பம் காக்கும். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று உடற்சூட்டை எளிதில் வெளியே விடாமையே அதற்குக் காரணம்.

ஆயினும், ஆசையுடன் தைத்த போர்வை முதல் சலவையிலேயே கிழிந்துபோவதும் உண்டு. குற்றம் பெரும்பாலும் ஊசியில் இல்லை. துணியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. புதுத்துணியும் நைந்த துணியும் ஒரே தையலில் சேர்ந்தால், நனைந்தவுடன் புதியது சுருங்கிப் பழையதை இழுக்கும். பழையது தையலோரமாகக் கிழியும். ஏறக்குறைய ஒரே வலிமையுள்ள துணிகளை ஒன்றுசேர்ப்பதே இவ்வேலையின் முதல் விதியாகும்.

துணி தேர்தல்

பருத்தித் துணியே உசிதமானது. செயற்கை இழைத் துணி வியர்வையை உறிஞ்சாது; அடுப்புத் தீயோ விளக்குத் தீயோ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு கடும் புண் உண்டாக்கும். ஆதலால் அழகிற்காகவும் அதில் ஒரு துண்டுகூடச் சேர்க்கலாகாது. புடவையில் தரையில் உராயும் கீழோரமும் உட்காருமிடமும் முதலில் நையும். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, இழை விலகிய பாகங்களை நீக்குக. எஞ்சியதை இரு கட்டைவிரல்களால் பற்றி இழுத்துப் பார்த்து, தாங்குவதை மட்டும் கொள்க. வெள்ளைத் துணியொன்றை நனைத்து வர்ணத் துணியின்மேல் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது விளங்கும். சாயம் விடுவதை விலக்கிவிட வேண்டும். தேர்ந்தவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துக. சுருங்கவேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடும்.

அளவு

எட்டு முழ வேஷ்டி ஒன்று ஏறக்குறைய 144 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உடையது. அதை நீளத்தில் சரிபாதியாக வெட்டினால் 72 அங்குலமுள்ள இரு விரிப்புகள் கிடைக்கும். ஒன்று போர்வையின் அடிப்பாகம். மற்றொன்று நடு அடுக்கு. மேற்பாகத்திற்கு 9 அங்குலச் சதுரங்கள் 48 வேண்டும். அட்டையில் ஒரு சதுரம் வெட்டிக்கொண்டு அதையே எல்லாத் துண்டுகளுக்கும் அளவாக வைக்கவேண்டும். ஒரு துண்டை வைத்து மறு துண்டை அளந்தால் சிறு பிழை பெருகிக்கொண்டே போகும். சதுரத்தின் ஓரம் துணியின் இழையோடு இணையாக இருத்தல் வேண்டும்; குறுக்காக வெட்டிய துண்டு இழுபட்டு வடிவம் கெடும்.

நாற்புறமும் அரை அங்குலம் தையலுக்குள் போக, ஒவ்வொரு சதுரமும் 8 அங்குலமாக நிற்கும். வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை சேர்த்தால் 64 அங்குல நீளமும் 48 அங்குல அகலமும் ஆகும். வேஷ்டி சுருங்கி அகலம் போதாதிருந்தால் வரிசைக்கு ஐந்து சதுரமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இணைத்தல்

தைக்கத் தொடங்குமுன் 48 சதுரங்களையும் பாயில் பரப்பிப் பார்த்தல் நலம். கறுத்த வர்ணம் 24, வெளிர் வர்ணம் 24 எனப் பிரித்து மாற்றி மாற்றி வைத்தால் சதுரங்கப் பலகைபோல் விளங்கும். இரு துண்டுகளின் நல்ல பக்கங்களை உள்முகமாகச் சேர்த்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு நெருங்கிய ஓட்டுத்தையல் இடுக. நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் செலுத்தி எடுத்தால், நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் பிரியாது. முதல் வரிசையின் மடிப்புகளை வலப்புறமாகவும் அடுத்ததை இடப்புறமாகவும் படியவைத்து வரிசைகளைச் சேர்த்தால் மூலைகளில் முடிச்சுபோல் தடிக்காது. நைலான் நூல் வேண்டாம். நூல் துணியைவிட வலிதாயின் துணியை அறுத்துவிடும்.

அடுக்கித் தைத்தல்

வேஷ்டிப் பாதிகள் இரண்டையும் சுருக்கமின்றி ஒன்றன்மேலொன்றாக விரித்து, மேற்பாகத்தை அவற்றின்மீது பரப்புக. நடுவிலிருந்து நான்கு பக்கமும் நீண்ட தற்காலிகத் தையல் இட்டு மூன்றையும் பிணைத்தபின், இரண்டு விரற்கடை இடைவெளியில் ஓட்டுத்தையல் வரிகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இடுக. ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் குவிந்துவிடும். முடிவில் மிகுதியை வெட்டி, புடவைக் கரையை இரண்டு அங்குல அகலத்தில் எடுத்து ஓரத்தை மூடி மடித்துத் தைக்கவேண்டும். சுற்றளவு 224 அங்குலம். ஆறு கஜப் புடவையின் ஒரு கரை 216 அங்குலமே ஆதலின் மறு கரையிலிருந்தும் சிறிது வேண்டியிருக்கும்.

மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்தல் அவசியம். துவைத்தபின் முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வடிக்கவேண்டும். ஒரு வயதிற்குட்பட்ட சிசுவை இத்தகைய கனத்த போர்வையால் மூடலாகாது. முகத்தில் சரிந்தால் மூச்சுத் திணறும்.

பிற தேசத்தாரின் அனுபவம்

வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் காந்தா வெகு பிரசித்தமானது. 1929-ல் ஜசீமுத்தீன் என்னும் வங்கக் கவி தமது கதைக்கவிதை ஒன்றிற்கு அதன் பெயரையே இட்டார். கர்நாடகத்தின் வடகன்னட ஜில்லாவில் வாழும் சித்திப் பெண்கள் முறையோ வேறு. அவர்கள் துண்டுகளை முன்னதாக இணைக்காமல் அடித்துணியின்மேல் நேரே வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துச் செல்கின்றனர். மூலைகளில் பூ என்று பெயரிட்ட சிறு துணிமடிப்புகளை வைத்து முடிக்கின்றனர்.

சங்கத்தினர் அறியத்தக்கது அமெரிக்காவின் அலபாமாவில் நிகழ்ந்த முயற்சியாகும். அங்கு வில்காக்ஸ் ஜில்லாவின் ஏழைக் கறுப்பினப் பெண்கள் 1966-ல் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்னும் கூட்டுறவு சங்கத்தை நிறுவினர். வாக்குரிமைக்காக முன்வந்து குடியிருப்பை இழந்த குடும்பங்களும் அப்பிரதேசத்தில் இருந்தன. வீட்டுத் தேவைக்காகத் தைத்துவந்த போர்வைகளைச் சங்கம் நகரங்களில் விற்றது. நிலம் வாங்கித் தையற்கூடமும் கட்டியது. ஆனால் பெரிய கடைகளுக்கு ஒரே அளவும் ஒரே மாதிரியும் வேண்டியிருந்தபடியால், மனம்போல் தைத்த கைகள் கட்டளைக்குத் தைக்கப் பழகவேண்டியதாயிற்று.

இதிலிருந்து பெறும் படிப்பினை தெளிவு. ஒரு போர்வைக்குப் பல நாள் உழைப்புச் செல்கிறது. கூலியைக் கணக்கிடாமல் மலிவாக விற்றால் லாபம்போல் தோன்றுவது நஷ்டமே. ஆதலின் எடுத்தவுடன் வியாபாரத்தை எண்ணிக் கடன் வாங்குதல் தகாது. முதற் போர்வை வீட்டு முதியவருக்காகட்டும். அது இரண்டு சலவைக்குப் பின்னும் தையல் விடாமல் நின்றால், கைப்பழக்கம் வந்துவிட்டதென்று கொள்ளலாம். அதன்பின் சங்கத்தார் கூடி அளவும் கூலியும் விலையும் ஆலோசிப்பது பொருத்தமாகும்.