உழைப்பு குறைந்தது, உணவு குறையவில்லை

உழவு மாட்டுக்குத் தீனி வைப்பது பற்றி விவசாயிகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஏர் பூட்டும் நாட்களில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் கூடுதலாக வைப்பார்கள். வேலையின்றிக் கட்டுத்தறியில் நிற்கும் நாட்களில் அதைக் குறைத்துவிடுவார்கள். மாட்டுக்குப் பார்க்கும் இந்தக் கணக்கைத் தமக்குப் பார்க்க மறப்பதால் வரும் கேடுதான் உடல் பருமன்.

முன்பு ஏர் ஓட்டுவது, தண்ணீர் இறைப்பது, கதிர் அடிப்பது எல்லாமே உடல் உழைப்பு. அதற்கு மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு தேவைப்பட்டது. இன்று டிராக்டர் உழுகிறது, மோட்டார் இறைக்கிறது, இயந்திரம் அறுவடை செய்கிறது. வயலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில்தான். ஆனால் தட்டில் சோறு பழைய அளவிலேயே இருக்கிறது. போதாததற்கு வடை, பரோட்டா, சர்க்கரை போட்ட டீ வேறு. செலவாகாத உணவு கொழுப்பாகி வயிற்றில் தங்கிவிடுகிறது.

இது நகரத்துப் பணக்காரர் நோய் என்று எண்ணுவது தவறு. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 31 பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21ல் இது 40 ஆயிற்று. ஆண்களில் 28 ஆக இருந்தது 37 ஆக உயர்ந்தது.

அளந்து பாருங்கள்

தையற்காரர் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது. கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் இருந்தாலும் ஆபத்துதான்.

என்ன கெடுதல்?

வயிற்றுக் கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை நோய் வரும். நாளடைவில் பாதம் மரத்துப் போகும். வயலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல் முற்றினால் விரலையோ காலையோ எடுக்க நேரிடும். இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் பருமன் வழி செய்கிறது. மது அருந்தாதவருக்கும் ஈரலில் கொழுப்பு படியும். முழங்கால் தேய்மானம் விரைவில் வரும். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால், நிலத்தை அடமானம் வைத்து வைத்தியம் பார்க்கும் நிலை வந்துவிடும்.

குழந்தைகள்

'கொழு கொழு' என்றிருப்பதே ஆரோக்கியம் என்று பெற்றோர் மகிழ்வதுண்டு. அது சரியல்ல. குண்டான குழந்தை வளர்ந்த பின்பும் குண்டாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இளவயதிலேயே வரக்கூடும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தவறலாம். பின்கழுத்தில் கருமை படர்ந்து தடித்திருந்தால், அழுக்கு என்று தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். 250 மில்லி இனிப்பு பானத்தில் சுமார் 5 தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. பாக்கெட் தின்பண்டத்துக்குப் பதில் வேர்க்கடலை, சுண்டல், கொய்யாப்பழம் கொடுக்கலாம். குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. செல்போனை வாங்கி வைத்துவிட்டுத் தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடுங்கள்.

செய்ய வேண்டியவை

சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, கீரை, அவரை, புடலை, பயறு ஆகியவற்றைக் கூட்டுங்கள். கம்பு, கேழ்வரகு நல்லவையே. ஆனால் அவையும் மாவுச்சத்துதான், அளவு மீறக் கூடாது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 3 லிட்டர் எண்ணெய் போதும். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். வரப்பில் நின்று பார்ப்பது உடற்பயிற்சி ஆகாது. தினமும் 30 நிமிடம் வேகமாக நடங்கள்.

80 கிலோ எடையுள்ளவர் நான்கைந்து கிலோ குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பளு குறையும். ஆனால் அவசரப்பட்டுப் பட்டினி கிடக்கவோ, விளம்பரப் பொடிகளை வாங்கவோ வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.

முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். மண்ணைப் பரிசோதித்து உரமிடும் விவசாயி, உடலையும் பரிசோதித்து உண்பது நல்லது.